மார்க்கைக் குறைங்க, மிஸ்

"என் பொண்ணுக்கு ஏ போட்டிருக்கீங்க. அதை அழிச்சிட்டு பி போடுங்க" என்றான் டேல்.

மிஸ் பாவ்லிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். மார்க்கைக் கூட்டச் சொல்லி வரும் பெற்றோரைப் பார்த்துச் சலித்தவர். குறைக்கச் சொல்லி ஒருத்தன் வந்தது இன்றைக்குத்தான். அவனும் அவரிடமே படித்தவன்.

"உட்காரு, டேல்."

நாற்காலியும் பலகையும் ஒன்றாக ஒட்டிய மாணவர் மேஜைக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அதே வகுப்பு. அதே ஜன்னலோர ஹீட்டர். பனியில் நனைந்த கையுறைகளை அதன்மேல் காயப்போட்டு, அந்தக் கம்பளி வாடையில் கணக்குப் போட்ட காலம். இரும்பாலைச் சங்கு ஊதினால் மிஸ் பாடத்தை நிறுத்துவார். சங்கு ஓய்ந்ததும் விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவார். இப்போது ஆலையும் இல்லை, சங்கும் இல்லை.

"நேத்து வீட்டுல மாலரிக்கு ஒரு சமன்பாடு குடுத்தேன், மிஸ். சாதாரணம். பேய் முழி முழிக்கிறா. இவ கணக்குல ஏ."

மிஸ் மேஜைமேல் இருந்த விடைத்தாள் கட்டை ஓரமாக நகர்த்தினார்.

"முதல் ரேங்க் மட்டும் பதினாறு பேராமே? பட்டமளிப்பு அன்னிக்கு மேடை தாங்குமா? இல்ல, ஷிப்ட் போட்டு ஏத்துவீங்களா?"

"பத்தொம்பது" என்றார் மிஸ். சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, ஒத்துக்கறேன். அவ எழுதினதுக்கு பி-தான்."

"அப்ப பி போடுங்க."

"திங்கட்கிழமை இந்த மார்க் யுனிவர்சிட்டிக்குப் போகுது. பக்கத்து ஊர்ல இதே மாதிரி எழுதினதுக்கு ஏ போட்டு அனுப்பறாங்க. அங்க உட்கார்ந்து பார்க்கறவனுக்கு என் பி கண்டிப்பான பி-ன்னு தெரியுமா? இடம் கிடைக்காது, டேல். அவ ஏற்கெனவே அந்த யுனிவர்சிட்டி பனியனை மாட்டிக்கிட்டுத் திரியறா."

"கிடைக்காட்டி போகட்டும். பனியனைத் திருப்பிக் குடுத்துக்கலாம்."

"நீ பெத்தவன்தானா?"

"பெத்ததாலதான் வந்தேன்." டேலின் குரல் ஏறியது. "நீங்க இப்படி இருந்தவங்க இல்லை, மிஸ். உங்ககிட்ட ஏ வாங்கினவனை ஊரே திரும்பிப் பார்க்கும். நான் கடைசி வருஷம் சி வாங்கினேன். அப்பா ஆலை உடுப்போடயே என்னை டைனருக்குக் கூட்டிட்டுப் போனார். 'இவன் பாவ்லிக்கிட்ட சி வாங்கினவன்'னு பரிமாறற அம்மாகிட்ட சொன்னார். அந்தம்மா காசு வாங்காம ஒரு துண்டு இனிப்பு ஆப்பிள் பை வெச்சது. உங்க சி-க்கு அந்த மரியாதை."

மிஸ் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"இன்னிக்கு இந்த மாவட்டத்துல பாதிப் பாலம் என் கையெழுத்துல நிக்குது. காலேஜ்ல திணறினப்பல்லாம் ஒண்ணே ஒண்ணைத்தான் நெனைச்சேன். பாவ்லிக்கே சி போட்டாங்க, நம்மால முடியும்னு. அது எனக்கு ஓசியில வந்ததில்லை. என் பொண்ணுக்கு அப்படி ஒண்ணு வேண்டாமா? எனக்கு எப்படிப் போட்டீங்களோ, அப்படியே அவளுக்கும் போடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல."

"அப்படித்தான் போட்டிருக்கேன்."

"என்ன?"

"உனக்குப் போட்ட மாதிரியேதான்." மிஸ் மேஜை விளிம்பைத் துடைத்தார். அங்கே தூசி இல்லை. "இதைச் சொல்லாமலே ஓய்வு வாங்கிட்டுப் போயிடலாம்னு இருந்தேன். கெளறிட்டே."

டேல் எழ முயன்றான். மேஜை விடவில்லை.

"கடைசிப் பரீட்சையில நீ தேறல, டேல். பாதிப் பேப்பர் வெள்ளை. மீதிப் பாதி தப்பு. நான் போட்டிருக்க வேண்டியது ஃபெயில்."

"சும்மா சொல்றீங்க. அந்த ஏ-யை நியாயப்படுத்த."

"நான் சும்மா சொல்லி நீ கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. அவன் காது சிவந்தது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான் அந்த சி-யைப் பற்றி. மகளிடம் நேற்றுகூட.

"ஏன் போட்டீங்க?" குரல் பள்ளிப் பையன் குரலாகியிருந்தது. "என்மேல அப்படி என்ன பாசம்?"

"பாசமா? உன்னைக் கண்டாலே எரிச்சல்தான் எனக்கு. பின்வரிசையில உட்கார்ந்து சாக்பீஸ் எறியறவன்." மிஸ் கண்ணாடியை எடுத்தார். மாட்டிக்கொள்ளவில்லை. "ராட்னியை ஞாபகம் இருக்கா?"

டேல் தலையசைத்தான். ஒரு வருஷம் மூத்தவன். ஃபுட்பால் குழுவில் இவன் பக்கத்தில்தான் நிற்பான்.

"அவனும் உன்னை மாதிரியே எழுதியிருந்தான். நான் நியாயமா ஃபெயில் போட்டேன். காலேஜ் அவனை எடுத்துக்கல. காலேஜ்ல இல்லாத பையன்களை அப்ப ராணுவம் கட்டாயமா எடுத்துக்கிட்டுது."

டேல் மேஜைப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அடுத்த மே மாசம் வியட்நாம்லேருந்து பெட்டியில வந்தான். பெட்டியைத் தூக்கின ஆறு பேர்ல நீயும் ஒருத்தன். நான் சர்ச் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

மிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அதுக்கு அடுத்த வாரம்தான் உன் பேப்பர் என் கைக்கு வந்தது."