சாம்பல் வார்

“இந்த நிச்சயத்த முறிச்சிடுங்கப்பா.”

எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்கக்கூடாது என்று நுயியிடம் சொல்லிவைத்திருந்தார்கள். அவள் கேட்டுவிட்டாள். அவளுடைய அப்பா கிஹெய், ஒசாகாவில் ஒரு படக்கொட்டகை வாசலில் செருப்புக் காப்பவர். மாப்பிள்ளை, கொட்டகை முதலாளியின் மகன்.

“படிச்ச திமிரு. மாப்ள வீட்டு சீர்க் கருவாட்டத் தின்னுட்டு இப்ப வேணாங்கிறியா?”

“தின்னது நீங்க. நீங்களே கட்டிக்குங்க.”

உள்ளே ஊமைப்படம் ஓடியது. ஒருத்திக்காக இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள். அவளோ மழையில் நனைந்து வந்து, பிடிக்காத மூன்றாமவனுக்குத் தலையாட்டுவாள். படத்தில் எல்லோருக்குமாகப் பேசுகிறவர் திரையோரம் நிற்கும் கதைசொல்லிதான். “சரிங்கப்பா” என்று அவர் பெண்குரலில் சொன்னதும் ஜனம் வழக்கம்போல் விசும்பியது. நுயி எட்டிப் பார்த்தாள். திரையில் மணப்பெண் உட்கார்ந்திருக்க வேண்டிய பாய் காலியாக இருந்தது.

“என் செருப்பக் குடுங்கப்பா.”

“இப்பதானே வாங்கிட்டுப் போன? தொப்பலா நனைஞ்சு நின்னியே.”

கிஹெய் இதுவரை ஒரு ஜோடியைக்கூட ஆள் மாற்றிக் கொடுத்ததில்லை. நுயியின் செருப்பு இருந்த இடத்தில் வேறொரு மரச்செருப்பு ஈரமாக இருந்தது. கட்டை, வார், ஒட்டியிருந்த சேறு எல்லாமே திரையில் பார்ப்பதுபோல் சாம்பல் நிறம். ஊரில் மழை பெய்து வாரக்கணக்காகிறது.

நுயி அதைக் காலில் மாட்டிக்கொண்டாள்.

“எங்கடி போற? நாளைக்கு அவங்க வர்றாங்க.”

“கதைசொல்லிய உக்கார வைங்க. சரிங்கப்பான்னு நல்லாவே சொல்றாரு.”

கல்தெருவில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கல்லில் கட்டை மோதும் சத்தத்தைக் கேட்க கிஹெய் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சத்தமே வரவில்லை.