எதிர்க் கட்டில்

அமலி கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தபோது, எதிர்க் கட்டிலின் திரை லேசாக விலகியது. அவள் திரும்பியதும் சட்டென்று மூடிக்கொண்டது.

யாரோ பார்க்கிறார்கள். சந்தேகமே இல்லை.

ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் இருந்த அந்த மலிவான ஹாஸ்டலில் பெண்களுக்கென்று ஒரே ஒரு பெரிய அறைதான். வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. மழைக்காலம் என்பதால் அமலியையும் எதிர்க் கட்டில்காரியையும் தவிர யாரும் இல்லை. நேற்று வந்ததிலிருந்து அவள் முகத்தை அமலி பார்க்கவே இல்லை. குரங்குக் குல்லா, மாஸ்க், ட்ராக் பேண்ட், கேன்வாஸ் ஷூ. அவ்வளவுதான் கண்ணில் பட்டது.

வேறு சமயமாக இருந்தால் அமலி இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். இப்போது அப்படி விட முடியவில்லை. அவள் வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் தனியாக எங்கும் தங்கியதில்லை. சேலத்தில் பஸ் ஏறினால் மலை. "ரெண்டு நாள் ஏற்காட்டுல சும்மா இருந்துட்டு வர்றேனுங்க" என்று போன மாசம் புருஷனிடம் கேட்டுப் பார்த்தாள்.

மேக்ஸ்வெல் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொம்பளை தனியாப் போயி அங்க என்ன பண்ணப் போற? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

மாமியார் அற்புதம் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வாரம்தான் தோதாக அமைந்தது. பிள்ளைகள் பரீட்சை லீவுக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாமியார் கோயில் ஆட்களோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்பிவிட்டாள். "கோயம்புத்தூர்ல ட்ரெய்னிங்குங்க. டீச்சருங்க எல்லாரும் கண்டிப்பாப் போகோணுமாம்" என்று சொல்லிவிட்டு அமலி மலையேறிவிட்டாள்.

மேக்ஸ்வெல் அவ்வளவு லேசில் நம்புகிற ஆளில்லை. பின்னாலேயே ஆள் அனுப்பியிருப்பானோ?

காலையில் ஏரிக்கரைக்குப் போனாள். பஜ்ஜிக் கடையில் அந்தக் குல்லாக்காரி நின்றுகொண்டிருந்தாள். அமலியைக் கண்டதும் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, பாதி பஜ்ஜியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பனிமூட்டத்துக்குள் விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

கரடியூர் காட்சிமுனைக்குப் போகலாம் என்று ஜீப்பில் ஏறினால், அங்கேயும் பின் சீட்டில் அவள்! அமலி உட்காருவதற்குள் அடுத்த பக்கமாக இறங்கி, ஒரு கடைக்குள் புகுந்து மறைந்தாள்.

அமலிக்கு மலையும் ரசிக்கவில்லை, காபியும் இறங்கவில்லை. திரும்பி வந்து மேனேஜர் ரிஸ்வானைப் பிடித்தாள்.

"ஏனுங்க, எனக்கு எதுத்தாப்புல இருக்கறது யாருங்க?"

"அவுங்களா? உங்களுக்கு முந்தின நாளே வந்துட்டாங்களே. நொம்ப நல்ல மாதிரிங்க. நேத்து உங்களைப் பத்திக்கூட விசாரிச்சாங்க."

"என்னையப் பத்தியா? என்ன கேட்டாங்க?"

"எப்பக் காலி பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. திரும்பவும் வந்து அதையேதான் கேட்டாங்க."

அமலி கணக்குப் போட்டுப் பார்த்தாள். முந்தின நாளே வந்து காத்திருக்கிறாள் என்றால், தான் இங்கே வரப்போவது மேக்ஸ்வெல்லுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. போனில் ரூம் போட்டதைப் பார்த்திருப்பான்.

கிளம்பிவிடலாம் என்று அறைக்கு வந்து பையை எடுத்தாள். போன் அடித்தது. மேக்ஸ்வெல்தான்.

"ட்ரெய்னிங் எப்படிப் போவுது?"

"இப்பத்தானுங்க டீக்கு விட்டாங்க."

"ஒரு சத்தமும் காணோம்?"

"வெளிய வராந்தாவுல நிக்கறேனுங்க." எதிர்க் கட்டில் திரை அசைந்த மாதிரி இருந்தது.

"சரி, வெச்சிடு. எனக்கு இன்னொரு போன் பண்ண வேண்டியிருக்குது."

அவன் வைத்தான். கொஞ்ச நேரத்தில் எதிர்க் கட்டிலுக்குள்ளே போன் அடித்தது. யாரோ அதை அவசரமாக அமுக்கி எடுத்து, போர்வைக்குள் கிசுகிசுத்தார்கள். ஒரே ஒரு சொல்தான் அமலியின் காதில் தெளிவாக விழுந்தது.

"மேக்ஸ்வெல்லு..."

அமலிக்கு இருந்த பயமெல்லாம் அந்த நொடியில் போய்விட்டது. மாறாக ஆத்திரம் பொங்கியது. இரண்டு நாள், வெறும் இரண்டு நாள், ஒரு மனுஷி தன் பாட்டுக்கு இருக்கக் கூடாதா? அதற்கும் காவலா?

கிசுகிசுப்பு ஓயும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நேராகப் போய்த் திரையைப் பிடித்தாள்.

"யாருங்க நீங்க? எங்க ஊட்டுக்காரரு எதுக்கு உங்களை அனுப்பி வெச்சாரு? மூஞ்சியக் காட்டுங்க!"

ஒரே இழுப்பாக இழுத்தாள்.

போர்வைக்குள் சுருண்டிருந்தவள் மெல்ல எழுந்து உட்கார்ந்து, குல்லாவையும் மாஸ்க்கையும் கழற்றினாள். அமலியின் பிடியிலிருந்து திரை நழுவியது.

அந்த அம்மாள் இரண்டு கைகளாலும் அமலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்பட மகன்கிட்ட மட்டும் சொல்லிப்போடாத, கண்ணு!"