சேனை வைத்த கை

“எம்புள்ள வயித்துல கிருமிய ஊத்துனது நீங்கதானுங்களே?”

கோபி போட்ட சத்தத்தில் சேலத்து ஆஸ்பத்திரியின் அந்த வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

பச்சிளங்குழந்தை வார்டு வாசலில் நின்ற நர்ஸ் ஜெயகுமாரிக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் கோபியின் மகன். ஏழு மாதத்தில் பிறந்தவன். காலையிலிருந்து வயிறு உப்பிக்கொண்டே போகிறது. பாலை நிறுத்தியாயிற்று.

“நேத்து நீங்களே சொன்னீங்க, கிருமிப் பொடின்னு. பால்ல கலந்து குடுத்தத என் கண்ணால பாத்தனுங்க!”

“அது நல்ல கிருமிங்க. கொறை மாசப் புள்ளைங்களுக்குக் குடல் அழுகிறக் கூடாதுன்னு குடுக்கறது. இங்க எல்லாப் புள்ளைக்கும் குடுத்திருக்கு.”

“கிருமியில என்னங்க நல்ல கிருமி? நான் ஏற்காட்டுல எஸ்டேட் ரைட்டருங்க. என் காதுல பூ சுத்தாதீங்க!”

எஸ்டேட் ரைட்டர் என்றால் வேலைக்கு வந்த ஆட்களைக் கணக்கு எழுதுகிறவர். குடலுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் குரலுக்கு என்ன குறைச்சல்?

டாக்டர் வெளியே வந்தார்.

“குடல் வீங்கியிருக்கு. அழுக ஆரம்பிச்சா ஆபரேஷன்தான். இந்த எடையில புள்ளை அதைத் தாங்காது. தாய்ப்பாலும் நாங்க குடுத்ததும் போக, வேற ஏதாவது வாயில வச்சீங்களா?”

“நாங்க என்ன விவரம் கெட்டவங்களா டாக்டர்? ஒண்ணும் வைக்கலீங்க.”

“தெரிஞ்சாத்தான் அதுக்கேத்த மருந்து குடுக்க முடியும். யோசிச்சுச் சொல்லுங்க.”

“வைக்கலீங்கறனே!”

சுவரோரம் நின்ற கோபியின் அக்கா சசிகலா, தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு கிராமத்தில் காப்பிப் பழம் பறிக்கிறவள். முந்தின நாள்தான் மலைத்தேன் பாட்டிலோடு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள்.

“நாந்தானுங்க வச்சேன்,” என்றாள். “புள்ளை நாக்குல மொத மொத இனிப்புத் தொட்டு வெப்பமில்லீங்களா, சேனை? ஒரு விரல் தேனுங்க. நேத்து சாயங்காலம்.”

ஜெயகுமாரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சசிகலா அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். மன்னிப்புக் கேட்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“தேனா!” டாக்டர் திட்டுவதற்குக்கூட நிற்கவில்லை. “சிஸ்டர், மறுபடியும் ரத்தம் எடுங்க. மருந்த மாத்தறேன்.” உள்ளே ஓடினார்.

கோபி அக்காவின் மேல் பாய்ந்தான். “நீயெல்லாம் ஒரு மனுசியா? எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சு, உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். மலைக்கே போய்த் தொலை!”

சசிகலா போகவில்லை. வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளுக்கு ஒரு டீ வாங்கித் தரவில்லை.

வயிற்று வீக்கம் வற்ற இரண்டு மூன்று நாளாயிற்று. மறுபடி பால் ஆரம்பிக்கச் சொன்னார் டாக்டர். பாலோடு அந்தப் பொடியும்தான். இந்த முறை கோபி கிருமியைப் பற்றி மூச்சே விடவில்லை.

ஊருக்குக் கிளம்பிய சசிகலாவை பஸ் ஸ்டாப்பில் பிடித்தாள் ஜெயகுமாரி.

“ஏனுங்கக்கா, பெத்தவங்களத் தவிர நான் யாரையும் உள்ள விடறதில்ல. உங்க தம்பி சம்சாரம் ஆபரேஷன் ஆகி இன்னும் மாடியிலதான் படுத்திருக்கறாங்க. நீங்க எப்படி உள்ள போயி சேனை வச்சீங்க?”

சசிகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

“புள்ளை ஊடு வந்ததுக்கப்புறம் வெக்கலாமுன்னு பாட்டில தம்பிகிட்டத்தான் குடுத்தேன். மறுநாள் பாத்தா மூடி பிரிஞ்சிருந்துச்சு. அவன் ஒத்துக்க மாட்டான் அம்மிணி. டாக்டருக்குத் தெரியாமப் போனா புள்ளை என்னாகறது?”

“இப்பத்தான் புள்ளை தேறிருச்சே. உண்மையச் சொல்லிரலாமுல்ல?”

ஏற்காடு பஸ் வந்து நின்றது. படியில் காலை வைத்துக்கொண்டே சசிகலா சொன்னாள்:

“வேண்டாங்க. சேனை வச்சவங்க கொணந்தான் புள்ளைக்கு வருமாமா. நான் வச்சதாவே இருந்துட்டுப் போகட்டுமுங்க.”