அன்புக்கரசியின் பயம்

"நாளையிலேருந்து சைக்கிள் வேண்டாங்க" என்றாள் அன்புக்கரசி, தட்டில் இரண்டாவது தோசையைப் போட்டபடி.

சித்தார்த்தனுக்கு விளங்கவில்லை. டயர் ஏதும் பஞ்சரா என்று கேட்டான்.

"டயர் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பயமா இருக்கு."

பதினோரு வருஷமாக அடையாறிலிருந்து ஆழ்வார்பேட்டை ஆபீசுக்கு அவன் சைக்கிளில்தான் போய்வருகிறான். திரு.வி.க. பாலம், மந்தைவெளி, லஸ் என்று வழிநெடுக எங்கே எந்தப் பள்ளம் என்பது அவனுக்கு மனப்பாடம். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, பிடித்துத் தள்ளி சைக்கிள் வாங்க வைத்தவளே அவள்தான். இத்தனை வருஷம் வராத பயம் இந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கிருந்து முளைத்தது?

மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்களே, அதனாலா? இல்லையாம். டிவியில் ஏதாவது பார்த்தாளா? அதுவும் இல்லையாம். புது ஹெல்மெட் வாங்குகிறேன், பின்னால் சிவப்பு விளக்கு மாட்டுகிறேன், மெயின் ரோட்டை விட்டுத் தெருத்தெருவாகப் போகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் ஒரே தலையாட்டல்.

"எனக்கு ஏதாவது ஆயிடும்னு பயப்படறியா?"

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"எனக்காக விட்டுடுங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அதற்கு மேல் எந்தப் புருஷன் பேசுவான்? மறுநாள் காலை சைக்கிளுக்குப் பழைய போர்வையைப் போர்த்தி மாடிப்படிக்கு அடியில் நிறுத்திவிட்டு பஸ் ஏறினான்.

சைக்கிளை விட்டானே தவிர, மனசு ஆறவில்லை. பஸ்சில் நசுங்கி, அரை மணி நேரம் தாமதமாக ஆபீசுக்குள் நுழையும்போதெல்லாம், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் பொண்டாட்டிக்காக விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்து சீட் சுரேஷ்குமார், இப்படிப் பயந்த பொம்பளையை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துகிறாய் என்று கேலி செய்தான். ஒரு கல்யாண வீட்டில் சித்தார்த்தனின் அக்கா சந்திரிகா, அன்புக்கரசியின் முகத்துக்கு நேராகவே, "என் தம்பியை முந்தானைக்குள்ள சுருட்டி வச்சுட்டே" என்றாள்.

அன்புக்கரசி சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

அதுதான் அவனுக்குப் பெரிய குழப்பம். தோற்கப்போகிற பேச்சில்கூட கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நிற்பவள் அவள். இப்போது வாயே திறப்பதில்லை. போதாததற்கு, சனிக்கிழமை ஆனால் ஒரு டப்பாவில் கேசரியோ சுண்டலோ எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்குக் கிளம்பினாள். யாரைப் பார்க்க என்றால், தெரிஞ்சவங்க என்பாள். அதோடு சரி.

ஏழு வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலிங்பெல் அடித்தது. வாசலில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, எட்டு வயது மகளோடு நின்றாள்.

"அக்கா இருக்காங்களா சார்? நான் நஸ்ருன்னிசா. பாப்பாவுக்கு மாவுக்கட்டு பிரிச்சாச்சு. அக்காகிட்ட காட்டிட்டுப் போலாம்னு வந்தோம்."

அன்புக்கரசி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர்களை உட்காரச் சொன்னான். குழந்தையின் பெயர் மஹ்விஷ். இடது கை வெளுத்து, வலது கையைவிட மெலிந்திருந்தது.

எப்படி அடிபட்டது என்று விசாரித்தான். ஸ்கூட்டரிலிருந்து விழுந்துவிட்டோம் என்று மட்டும் சொன்னாள் நஸ்ருன்னிசா. பின்னால் ஆட்டோவில் வந்த அக்காதான் இறங்கி ஓடிவந்து, அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாராம். அன்றிலிருந்து வாராவாரம் வீட்டுக்கு வந்து பார்க்கிறாராம்.

சித்தார்த்தனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதைப் போய் ஏன் மறைத்தாள் என்பதுதான் புரியவில்லை.

"மண்ணுல வழுக்கிடுச்சாம்மா?"

நஸ்ருன்னிசா தரையைப் பார்த்தாள். குழந்தைதான் பதில் சொன்னது.

"நின்ன பஸ்ஸைச் சுத்திக்கிட்டு ஒரு சைக்கிள் அங்கிள் திடீர்னு குறுக்க வந்துட்டாரு. அம்மா பிரேக் போட்டாங்க, விழுந்துட்டோம். அவரு திரும்பியே பாக்கலை."

எந்த இடம் என்று கேட்டான். மந்தைவெளி பஸ் ஸ்டாப் என்றாள் மஹ்விஷ். என்றைக்கு என்று கேட்டான். ஏழு வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலையில், ஸ்கூலுக்குப் போகும்போது.

மந்தைவெளியில் பஸ் நின்றால் அவன் காத்திருப்பதில்லை. சட்டென்று வலப்பக்கம் ஒடித்துச் சுற்றிக்கொண்டு போய்விடுவான். பதினோரு வருஷமாக அப்படித்தான். பின்னால் யார் வருகிறார்கள் என்று ஒருநாளாவது திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

"சைக்கிள் என்ன கலர் பாப்பா?"

"மஞ்சள்."

மாடிப்படிக்கு அடியில், போர்வைக்குள் இருப்பதும் மஞ்சள்தான்.

மேலேயிருந்து அன்புக்கரசி இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. எழுந்து நின்றான்.

"அது நான்தாம்மா" என்றான்.

"தெரியும் சார்" என்றாள் நஸ்ருன்னிசா. "அன்னைக்கே ஆஸ்பத்திரியில அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொல்லிட்டாங்க. 'ஓட்டினது என் வீட்டுக்காரர்தான். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார். அவருக்குத் தெரியாமலே நான் நிறுத்திடறேன்'னு."