ஹால்வார் சொன்ன சாட்சி

உருளைக்கிழங்கை வடித்துக்கொண்டிருந்தாள் தோர்டிஸ். ஆவி முகத்தில் அடித்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று.

பின்னால், மேஜையருகே, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான் அவள் கணவன் ஹால்வார். ஜெபவீட்டிலிருந்து காரில் வரும் வழியெல்லாம் வாய் திறக்காதவன், இப்போது பேச ஆசைப்பட்டான். பாரம் இறங்கிய முகம்.

காலையில் ஹால்வார் சபைக்கு முன்னால் எழுந்து சாட்சி சொல்லியிருந்தான். இந்த வாரம் ஒரு வீட்டில் பிசாசு தனக்காகக் காத்திருந்தான் என்றான். வேதாகமத்தில், தன்னை இச்சித்துப் பிடித்து இழுத்த போத்திபாரின் மனைவியிடம் மேலங்கியை விட்டுவிட்டு யோசேப்பு ஓடியதுபோலத் தானும் ஓடிவந்ததாகச் சொன்னான். தன் கல்யாண உடன்படிக்கையைக் கர்த்தர் காத்தார் என்னும்போது குரல் உடைந்தது. முன்வரிசைக் கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பெயரைச் சொல்லவில்லை.

சொல்லவேண்டிய தேவையும் இல்லை. அந்தக் கடற்கரையில் இருப்பதே கொஞ்சம் வீடுகள். அந்த வாரம் அவன் யார் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்கப் போனான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

யோருன் ஜன்னலோர பெஞ்சில் இருந்தாள். போன குளிர்காலத்தில் கணவனைப் புதைத்தவள். அடுத்த பாட்டு முடிவதற்குள் எழுந்து போய்விட்டாள். வெளியே நல்ல மழை. குடையை எடுத்துக்கொள்ளவில்லை.

காப்பி நேரத்தில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து தோர்டிஸின் கையைப் பிடித்தார்கள். "குடுத்து வெச்சவ நீ," என்றாள் மூப்பரின் மனைவி.

"யோருன் தண்ணி இல்லாம கஷ்டப்படுறா, போய்ப் பாத்துட்டு வாங்கன்னு நான்தானே அனுப்பினேன்," என்றாள் தோர்டிஸ் இப்போது கணவனிடம், அடுப்பைவிட்டுத் திரும்பாமல். "அவ ஏதாவது சொன்னாளா?"

"சேச்சே. காப்பி குடுத்தா. அவ புருஷனப் பத்திப் பேசினா, அழுதா. அவ்வளவுதான்." கோட்டுப் பொத்தானைத் திருகினான். "எல்லாம் எனக்குள்ளதான். டூல் பாக்ஸக்கூட எடுக்காம வந்துட்டேன்."

"அப்ப அவள எதுக்குப் போத்திபார் பொண்டாட்டி ஆக்கினீங்க?"

அவனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "உன்கிட்ட எதையும் ஒளிக்கக் கூடாதுன்னுதான் தோர்டிஸ்," என்றான், அடிபட்டவனைப் போல.

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அதுதான் கொடுமை.

மேஜையில் மீனை வைத்தாள். கிழங்கை வைத்தாள். உருக்கிய வெண்ணெயை அவன் பக்கமாக நகர்த்தினாள்.

அவன் கைகளைக் கோத்துத் தலைகுனிந்தான். உணவுக்காக நன்றி சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சோதனை இன்னதென்றே அறியாத ஒரு மனைவியை இந்தப் பாவிக்குத் தந்தீரே, அதற்காகவும் நன்றி ஆண்டவரே," என்றான்.

வருஷங்களுக்கு முன்பு, நீரிணையின்மேல் பாலம் கட்டிய கோடையில், பால வேலைக்கு வந்த ஒருவனின் அறை வாசல்வரை தோர்டிஸ் போயிருக்கிறாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவன் பெட்டியைக் கட்டி முடித்திருந்தான். தெற்கே போகும் கப்பலில் அவளுக்கும் சேர்த்துத்தான் இடம் பிடித்திருந்தான்.

படியில் நின்றாள். திரும்பி வந்துவிட்டாள்.

ஜெயித்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. செத்துப்போனது போலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு மீன் பொரித்தாள். ஹால்வார் அன்றைக்கு இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

யாரிடமும் சொல்லவில்லை. யாரும் வந்து அவள் கையைப் பிடிக்கவுமில்லை. அவன் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும், நிம்மதியாகத் தூங்க வேண்டும், அதற்காகத்தான் எல்லாவற்றையும் தனக்குள்ளேயே புதைத்தாள். ஒரு மனைவி கொடுக்கக்கூடியதில் பெரியது அதுதான் என்று இன்று காலைவரை நம்பியிருந்தாள்.

ஹால்வார் குனிந்த தலை நிமிராமல் காத்திருந்தான்.

"ஆமென்," என்றாள் தோர்டிஸ்.