சாப்பாட்டுக்கு முன்னால்

அவள் ஜெபம் பண்ணாமலேயே ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

லிஃப்ட் மெக்கானிக்கின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவன் பார்க்காத காட்சி அது.

அவன் மனைவி வெறும் தண்ணீர் குடிப்பதற்குக்கூட மேலே பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு, யாரோ கையில் திணித்த காபிக்கும் அவள் உதடு அசைந்தது. அவன் பார்த்தான். பிள்ளையை எடுத்துக்கொண்டவருக்கு நன்றி ஒரு கேடா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். யாராவது ஒருவர் நீட்டி முழக்கி ஜெபம் செய்தார்கள். யாராவது ஒருவர் ஊட்டிவிடாத குறையாகச் சாப்பிட வைத்தார்கள். அந்தச் சத்தத்தில் அவள் ஜெபம் நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை, அவனும்தான். இன்று காலையில் மாமியாரும் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு, இப்போதுதான் தெரிகிறது.

அவள் மென்றாள். கோபமாகவும் இல்லை, வீம்பாகவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட ஆள் மாதிரி மென்றாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

அவனுக்கும் ஆண்டவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. "நீங்க ரெண்டு பேரும் நன்றி சொல்லுங்க, நான் சாப்பிடுற வேலையப் பாத்துக்கறேன்" என்று வம்புக்கு இழுப்பான். அம்மாவும் மகளும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். இவன் மூடாமல் மகளையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அன்றன்றைக்குப் பார்த்ததில் ஏதாவது ஒன்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். ஒன்று என்பது அம்மா போட்ட கணக்கு. மகள் ஆரம்பித்தால் ஓயமாட்டாள். குழாய் இருமிவிட்டுத் தண்ணீர் விட்டதற்கு நன்றி. எறும்பு அவள் காலில் ஏறாமல் சுற்றிக்கொண்டு போனதற்கு நன்றி. அப்பா சட்டையில் ஒரு பித்தான் மட்டும் வேறு கலரில் இருந்ததற்கு நன்றி. அதற்குள் எதிரே இருக்கும் பால் ஆடை கட்டிவிடும். ஆடை கட்டியதற்கும் ஒரு நன்றி உண்டு.

இந்தப் பொடிசுக்கு உலகம் இப்படிப் பிடித்துப் போயிருக்கிறதே என்று அவனுக்குச் சிரிப்பாக வரும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசுகூட ஆகவில்லை, ஒரு காய்ச்சலில் போய்விட்டாள்.

மகள் போனாள். எதிரே உட்கார்ந்திருப்பவளும் கண்ணுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறாள். இவளையும் விட்டுவிட்டால் தனக்கென்று யாரும் மிஞ்சப்போவதில்லை என்று அவனுக்கு உறைத்தது.

"கொஞ்சம் இரு" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கிரீஸ் போகாத விரல்களைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடினான். சபையில் சொல்கிற மாதிரி 'நீர்', 'உமக்கு' என்றெல்லாம் அவனுக்கு வராது. வேலை முடிந்ததும் மேனேஜருக்குப் போன் போட்டுச் சொல்லுவானே, அந்தக் குரல்தான் வந்தது.

"ஆண்டவரே, நான்தான் பேசுறேன். இன்னிக்கு ஒரு லிஃப்ட் பாதியில நின்னுபோச்சு. அதுக்கு மேல ஏறி நின்னு அண்ணாந்து பாத்தேன். கும்மிருட்டு. ஆனா ஒவ்வொரு மாடிக் கதவு இடுக்குலயும் கோடு மாதிரி வெளிச்சம், உச்சி வரைக்கும். இத்தன வருஷமா அதுக்குள்ளயேதான் கெடக்கேன், இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. அவ பாத்திருந்தா ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியா நன்றி சொல்லியிருப்பா. அவளுக்குப் பதிலா நான் சொல்றேன். உங்க மேல எனக்குக் கோவம் போகல. இருந்தாலும் சொல்றேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டான். முடிப்பதற்கு ஒரு வார்த்தை பாக்கி இருந்தது.

"ஆமா" என்று முடித்தான்.

"ஆமா இல்ல, ஆமென்" என்றாள் அவள், பட்டென்று.

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே காதில் விழுந்தது.

அவனுக்கு அந்த வார்த்தை தெரியாமல் இல்லை. தினமும் இதே மேசையில் மகள் 'ஆமா' என்று முடிப்பாள், அம்மா திருத்துவாள், மகள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் 'ஆமா' என்பாள். கேட்டுக் கேட்டு அவனுக்கு மனப்பாடம்.

அவன் கண்ணைத் திறந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. திருத்தும்போது மகளின் உச்சந்தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தக் கை இப்போதும் பழக்கத்தில் பக்கத்து நாற்காலிக்குப் போயிருந்தது. சாய்மானத்தின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஒன்றுமில்லாத இடத்தில், விரல்களை லேசாகக் குவித்தபடி நின்றது. அதை எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.