பொட்டு வைக்காத டேப்

ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டர் பிரிவு பிரசாந்த், சர்வர் தகவல்களை நகலெடுத்து வைக்கும் எல்லா பேக்கப் டேப்புகளுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தான். அடைமழையில் ஒரகடம் தொழிற்சாலையின் சர்வர் செத்தபோது, குங்குமத்தூள் புகுந்த டேப் எதுவும் ஓடவில்லை. பூஜைக்குத் தப்பிய ஒரு பழைய டேப்பை வைத்து, ஊழியர் முகம் பார்த்து, பெயர் சொல்லிச் சுழன்று வழிவிடும் கேட்டை மட்டும் உயிர்ப்பித்தான்.

மறுநாள் காலை கேட் ஆளில்லாமல் ஒருமுறை சுழன்றது. “வணக்கம், உச்சிமாகாளி” என்றது.

உச்சிமாகாளி போன மாதம் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் நசுங்கிச் செத்தவன். அப்படியொருவன் இங்கே வேலையே பார்க்கவில்லை என்று போலீசிடம் சொல்வதற்காக, அன்றே அவன் பெயரை அழித்தது பிரசாந்த்தான்.

“பழைய டேப்பு மேடம். அதுல அவன் இருக்கான்.”

எச்.ஆர். வினோதினி நிமிரவில்லை. “திரும்பத் தூக்கிடு. அவன் தங்கச்சி வேற டெய்லி வாசல்ல நின்னுகினு இருக்கா.”

பிரசாந்த் அழிக்கப் பார்த்தான். ‘ஊழியர் உள்ளே இருக்கிறார். வெளியேறிய பின் நீக்கவும்’ என்றது திரை.

“அப்ப ஷிப்ட் முடியட்டும்,” என்றாள் வினோதினி.

மாலையில் பிரசாந்த் கடைசியாக வெளியே வந்தான். இசக்கிசெல்வி எதிரே வந்து நின்றாள்.

“எங்கண்ணன் இங்கனதான் வேல பாத்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார்.”

“அப்டி யாரும் இங்க இல்லம்மா.”

அவன் முதுகுக்குப் பின்னால் கேட் சுழன்றது.

“நாளை பார்ப்போம், உச்சிமாகாளி.”